தீபாவளிக்குச் சாக்லேட் அடுக்கு இனிப்பு: ஒரு திருத்தம், ஒரு செய்முறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த சாக்லேட் அடுக்கு இனிப்புச் செய்முறையை வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து படித்தோம். நொறுக்கிய பிஸ்கட்டை அடியில் அழுத்தி, அதன்மேல் கிரீம் பரப்பி, அதற்கும் மேல் சோளமாவு கலந்து காய்ச்சிய சாக்லேட் பாலை ஊற்றிக் குளிரவைக்கும் முறையைப் படங்களுடன் தெளிவாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் வெள்ளைச் சீனிக்குப் பதிலாகப் பழுப்புச் சீனியோ குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லமோ சேர்த்து இதைச் செய்து உண்ணலாம் என்று கடைசியில் இருந்த குறிப்பைப் படித்ததும் என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குறிப்பு தவறானது என்பதைத் தாழ்மையுடன் தெரிவிக்கவும், எங்கள் வீட்டில் நாங்கள் பழகி வைத்திருக்கும் வேறொரு முறையைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவுமே இதை எழுதுகிறேன்.

நான் பிறையில் வசிக்கிறேன். இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பெல்லாம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தீபாவளிப் பலகாரம் என்றால் அவர் கைப்பலகாரம்தான். நோய் தெரிந்த பிறகும் அவர் செய்வதை நிறுத்தவில்லை, உண்பதைத்தான் நிறுத்திக்கொண்டார். திறந்த இல்ல உபசரிப்பு நாளில் வந்தவர்களுக்கெல்லாம் தட்டு நீட்டிவிட்டுத் தாம் மட்டும் சீனி போடாத தேநீருடன் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்கப் பொறுக்காமல்தான், அடுப்பங்கரைப் பக்கமே போகாதிருந்த நான் தராசும் வெப்பமானியுமாக இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் குலா மெலாக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய பதனீரைக் காய்ச்சி எடுக்கும் அந்த வெல்லத்துக்கு மணமும் சுவையும் தனி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிலுள்ளதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் உள்ள அதே பொருள். பழுப்புச் சீனியோ வெள்ளைச் சீனியில் சிறிதளவு கரும்புப் பாகு கலந்தது. தேனும் பேரீச்சம்பழமும்கூட இவ்வகையில் விதிவிலக்கல்ல. நிறம் கருத்திருந்தால் உடலுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நம்பி நாள்தோறும் கருப்பட்டிக் காப்பி குடித்து, கிளினிக்கில் அளவு ஏன் இறங்கவில்லை என்று வருந்துகிற உறவினர்கள் எனக்கே இருக்கிறார்கள்.

சீனியை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கொள்வதே இதைவிடப் பெரிய பிழை. தாங்கள் வெளியிட்ட செய்முறையை நான் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். 200 கிராம் பிஸ்கட்டில் ஏறத்தாழ 145 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கிறது. சீனி 150 கிராம். அது முழுவதும் மாவுச்சத்துக் கணக்கில்தான் சேரும். 40 கிராம் சோளமாவில் சுமார் 36 கிராம், அரை லிட்டர் பாலில் இயற்கையாகவே உள்ள பால்சர்க்கரை சுமார் 24 கிராம். சாக்லேட்டைச் சேர்க்காமலே மொத்தம் 355 கிராம் ஆகிறது. பன்னிரண்டு துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 30 கிராம். அது 100 கிராம் சோற்றில் உள்ள மாவுச்சத்துக்கும் சற்று அதிகம். சீனி முழுவதையும் எடுத்துவிட்டாலும் ஒரு துண்டுக்கு 17 கிராம் எஞ்சி நிற்கிறது. நாவுக்கு இனிக்காத பிஸ்கட் மாவும் சோளமாவும் வயிற்றுக்குள் போனபின் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன என்பதை இனிப்புநீர் உள்ளவர்களின் குடும்பத்தார் மறக்கலாகாது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், சீனி சேர்க்காதது என்றும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஏற்றது என்றும் விளம்பரப்படுத்தப்பட்ட சாக்லேட் கேக் ஒன்றை என் மனைவியின் பிறந்தநாளுக்கு வாங்கி வந்தேன். உண்பதற்கு முன் அவருடைய இரத்த இனிப்பு அளவு லிட்டருக்கு 7.1 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 13.9. ஒரே ஒரு துண்டுதான் உண்டிருந்தார். விற்றவரிடம் விசாரித்தபோது, மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியும் மரவள்ளி மாவும் சேர்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சீனி சேர்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மரவள்ளி மாவு ஏறக்குறைய முழுக்க முழுக்க மாவுச்சத்து. மால்டிட்டாலும் சீனியைவிடக் குறைவாயினும் இரத்தத்தில் இனிப்பை ஏற்றக்கூடியது. அன்று இரவு மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

அதன் பிறகு செய்து பார்த்து, கெடுத்து, மீண்டும் செய்து, இப்போது நிலைபெற்றிருக்கும் முறை வருமாறு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கான அளவுகளைத் தருகிறேன்.

அடித்தளத்துக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் பாதாம் மாவு 150 கிராம், கொக்கோத் தூள் 15 கிராம், உருக்கிய வெண்ணெய் 60 கிராம், சீனிக்கு மாற்றான எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி பொடித்தது 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பிசிறிய மணல் போன்ற பதத்தில் கலந்து, தட்டில் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தி, 170 பாகை செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு முழுமையாக ஆறவிட வேண்டும். பாதாம் மாவு கோதுமை மாவைவிட விரைவில் கருகும். அடுப்பை விட்டு நகரக்கூடாது. அதன் விலை கோதுமை மாவைப்போல் பல மடங்கு என்பதை நான் மறுக்கவில்லை. செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் பாதியளவு பாதாமும் பாதியளவு வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலையும் சேர்க்கலாம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா கடைகளில் நல்ல கடலை கிடைக்கிறது. விருந்தினருக்குக் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள். தேங்காய் மாவை மட்டும் அதே அளவில் மாற்றிப் போட வேண்டாம். அது ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, அடித்தளத்தை உதிர்ந்துபோகச் செய்துவிடும்.

இரண்டாம் அடுக்குக்குக் கிரீம் சீஸ் 250 கிராமையும் பொடித்த எரித்ரிட்டால் 40 கிராமையும் கட்டியின்றிக் குழைத்து, தனியே அடித்து வைத்த விப்பிங் கிரீம் 100 மில்லிலிட்டரை அதில் மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும். இங்கே இரண்டு செய்திகள் முக்கியமானவை. பேக்கரிப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தாவர எண்ணெய்க் கிரீமில் பெரும்பாலும் சீனியோ குளுக்கோஸ் பாகோ முன்பே கலந்திருக்கும். ஆகவே பாலிலிருந்து எடுத்த கிரீம்தானா என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். அடுத்து, நம் ஊர் வெயிலில் கிரீம் எளிதில் பொங்காது. பாத்திரத்தையும் அடிக்கும் கம்பியையும் கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்திருந்து, கிரீமைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அடித்தால்தான் அதிலுள்ள கொழுப்பு காற்றைப் பிடித்து நிற்கும்.

எரித்ரிட்டால் பற்றியும் சொல்ல வேண்டும். அது சீனியின் இனிப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் இனிக்கும். உடலில் சேர்வதில் பெரும்பகுதி மாற்றமேதும் அடையாமல் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் இரத்த இனிப்பை ஏற்றுவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு: நாக்கில் கரையும்போது குளிர்ச்சி தரும், குளிர்பெட்டியில் வைத்தால் மீண்டும் படிகமாகும். முதன்முறை நான் அதைப் பொடிக்காமல் அப்படியே போட்டதால், மறுநாள் கிரீம் முழுவதும் பல்லில் மணலாக நறநறத்தது. நன்றாகப் பொடித்துச் சலித்துப் போடுவதும், அளவைக் குறைத்து எஞ்சிய இனிப்பை லோ ஹான் குவோ சாற்றுத் தூளால் ஈடுகட்டுவதும் இதற்கு மாற்று. பினாங்கில் சீன மருந்துக் கடைதோறும் மூலிகைப் பானமாக விற்கப்படும் அதே பழம்தான் அது. வாங்கும்போது அதன் தூளில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் பரிந்துரைக்கும் சைலிட்டாலை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, ஏனெனில் சிறிதளவு சைலிட்டாலும் நாய்களுக்கு நஞ்சு. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது.

மூன்றாவதான சாக்லேட் அடுக்குதான் உள்ளபடியே உழைப்பைக் கேட்பது. பொதுவாக இதைக் கெட்டியாக்கச் சோளமாவு சேர்ப்பார்கள். சோளமாவு வேண்டாம் என்கிறவர்கள் ஜெலட்டின் சேர்ப்பார்கள். கடையில் கிடைக்கும் ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டிறைச்சி உண்ணாத நம் வீடுகளில் இதைக் கவனிக்காமல் சேர்த்துவிட்டுப் பின்னர் அறிந்து வருந்தியவர்கள் உண்டு. நம்மிடம் கடற்பாசியிலிருந்து எடுத்த அகார் அகார் இருக்கும்போது வேறு எதற்கு? ஜெலட்டின் நம் வெயிலில் மேசைமீது வைத்த சற்று நேரத்தில் தளரத் தொடங்கும். அகார் அகாரோ 35 பாகையை ஒட்டிய சூட்டிலேயே உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தபின் 85 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் மீண்டும் உருகும். திறந்த இல்லத்தில் வாசல் பந்தலின்கீழ் இரண்டு மணி நேரம் இருந்தாலும் சாக்லேட் அடுக்கு வடிவம் குலையாது. கிரீம் அடுக்குகளுக்காக மட்டும் தட்டின் அடியில் பனிக்கட்டி வைத்தால் போதும்.

150 மில்லிலிட்டர் தண்ணீரில் 3 கிராம் அகார் அகார் தூளைக் கலக்கி, கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடாமல் கிளறுங்கள். முழுமையாகக் கொதிக்காவிட்டால் அது உறையாது. வேறொரு பாத்திரத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லிலிட்டரைச் சூடாக்கி, கொக்கோத் தூள் 35 கிராம், எரித்ரிட்டால் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் 85 விழுக்காட்டுச் சாக்லேட் 60 கிராமைத் துண்டாக்கிப் போட்டு உருகவிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். 85 விழுக்காடு என்று அட்டையில் போட்டிருந்தால், மீதமுள்ள 15 விழுக்காட்டில் பெரும்பகுதி சீனி என்று பொருள். இந்த எளிய கழித்தலைச் செய்து பார்த்தால் 50 விழுக்காட்டுச் சாக்லேட்டை நாம் ஏன் தவிர்க்க வேண்டும் என்பது விளங்கும். கசப்பைச் சாக்லேட்டின் மணமாக மாற்ற அரைத் தேக்கரண்டி காப்பித் தூள் பெரிதும் உதவும். ஆனால் நம் கோப்பித்தியாம் (காப்பிக்கடை) காப்பித் தூள் வேண்டாம். அதன் கொட்டைகளைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்தே வறுக்கிறார்கள்.

என் தந்தையார் பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே தென்னை மரங்களின் நிழலில் கொக்கோ நட்டிருந்தார்கள். பழத்தை உடைத்தால் உள்ளே கொட்டையைச் சுற்றியுள்ள வெண்சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம், ஏனெனில் கொட்டை தாங்க முடியாத கசப்பு. அந்தக் கொட்டையிலிருந்துதான் சாக்லேட் வருகிறது என்பது லயத்தில் பலருக்குத் தெரிந்திருந்தும், சாக்லேட்டை வாயில் போட்டுப் பார்த்தவர்கள் அரிது. 1989-இல் மலேசியக் கொக்கோ வாரியம் அமைக்கப்பட்ட காலத்தில் இந்நாட்டில் கொக்கோ பெரும் பயிர். பின்னர் அந்நிலங்களில் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. 2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலரைக் கடந்தபோது தந்தையாரை நினைத்துக்கொண்டேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கொக்கோவுக்கென்று சொந்தமாக இனிப்புக் கிடையாது. மணம் கொட்டையுடையது, இனிப்பு நாம் சேர்ப்பது. அந்த இனிப்பை எதனால், எவ்வளவு சேர்ப்பது என்ற முடிவு சமைப்பவர் கையில்தான் இருக்கிறது.

மீண்டும் அடுக்குக்கு வருகிறேன். இந்தக் கலவையைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழேயுள்ள கிரீம் சீஸ் உருகி, இரண்டும் கலந்து சேறாகிவிடும். ஆறட்டும் என்று நெடுநேரம் விட்டால் பாத்திரத்திலேயே கட்டி கட்டியாக உறைந்துவிடும். முதல் தவற்றை ஒருமுறையும் இரண்டாம் தவற்றை இருமுறையும் நான் செய்திருக்கிறேன். 50 பாகைக்கு வந்ததும், அதாவது பாத்திரத்தின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் தொட்டுப் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூட்டில், அகப்பையின் பின்புறத்தின் வழியாக மெல்ல ஊற்ற வேண்டும். அதற்கு முன் கிரீம் சீஸ் அடுக்கைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் இறுகவிட்டு, அதன் மேற்பரப்பை முள்கரண்டியால் லேசாகக் கீறிவிடுங்கள். வழவழப்பான பரப்பின்மேல் அகார் அகார் பிடிக்காது. வெட்டும்போது மேலடுக்கு ஓடு கழன்றதுபோல் சரிந்து விழும். வண்ண வண்ணமாக அகார் அகார் அடுக்கிப் பழகிய நம் பெண்களுக்கு இது தெரிந்த நுட்பம்தான். எனக்கும் என் மனைவிதான் சொல்லித்தந்தார்.

நான்கு மணி நேரம் குளிர்ந்தபின் 150 மில்லிலிட்டர் கிரீமை அடித்து மேலே பரப்பி, சிறிது கொக்கோத் தூளைச் சலித்துத் தூவினால் முடிந்தது. வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் நான்கு அடுக்கும் தனித்தனியே தெரியும். இரண்டு மூன்று நாளுக்குள் உண்டுவிட வேண்டும். நாளானால் அகார் அகார் நீர் விடும், தேங்காய்ப்பாலும் புளிக்கும்.

பன்னிரண்டு துண்டாக்கினால், நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்தபின், ஒரு துண்டில் உடலில் சேரும் மாவுச்சத்து ஏறத்தாழ 6 கிராம். சென்ற தீபாவளியன்று என் மனைவி ஒரு துண்டு உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அளவு 7.4. ஒவ்வொருவர் உடலும் வேறு. இதே எண் எல்லாருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை.

வேறு சில எச்சரிக்கைகளையும் நான் மறைக்க விரும்பவில்லை. மாவுச்சத்துக் குறைவு என்பதால் இது இளைக்கவைக்கும் பண்டமாகாது. வெண்ணெய், சீஸ், கிரீம், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 350 கலோரி வருகிறது, கொழுப்பும் மிகுதி. எங்கள் வீட்டில் இது தீபாவளிக்கும் மனைவியின் பிறந்தநாளுக்கும் மட்டும்தான். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், பாதாமிலும் கொக்கோவிலும் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி என்பதால், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் உணவில் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்த இனிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். எரித்ரிட்டாலைப் பொறுத்தவரை, இரத்தத்தில் அதன் அளவு மிகுந்திருந்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இருந்தாலும், இதய நோய் உள்ளவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி அது. எரித்ரிட்டாலை நாங்கள் அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ளாததற்கும் அதுவே காரணம்.

ஆசிரியர் அவர்களே, சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. நம் இந்தியச் சமூகத்தில் அது மற்ற இனத்தவரைவிட மிகுதி என்பதை இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. தங்கள் சமையல் பக்கத்தை வெட்டிவைத்துச் சமைக்கிற வீடுகளில் எத்தனை வீட்டில் ஊசியும் மாத்திரையும் இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவ்வீட்டுப் பெண்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதைத் தங்கள் நாளிதழில் படித்து நம்பிச் செய்கிறார்கள். ஆகவே, இனிமேல் இனிப்பு வகை எதை வெளியிட்டாலும் ஒரு துண்டுக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். பொட்டலங்களின் பின்புறத்தில் சீனியின் வரிக்கு அருகில் மாவுச்சத்துக்கும் தனி வரி இருக்கிறது. அதைக் கூட்டி வகுக்கும் வேலைதான் இது. அந்தக் கணக்கு இல்லாமல் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஏற்றது என்று எழுதுவதைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன. பலகாரத்துக்குச் சாமான் வாங்கும் வேலை அடுத்த சம்பளத்தோடு தொடங்கிவிடும் என்பதால், பழுப்புச் சீனி பற்றிய அந்தக் குறிப்புக்கான திருத்தத்தை அதற்கு முந்தைய ஞாயிறு இணைப்பிலேயே, அதே சமையல் பக்கத்தில் வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன். இடம் போதவில்லையென்றால் என் செய்முறையை விட்டுவிடுங்கள். திருத்தம் மட்டும் வந்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பிறை, பினாங்கு